வீதியின் உரிமையும் அனுமதிச் சீட்டும்

வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே பாலாற்றங்கரையில் அமைந்துள்ள பள்ளிகொண்டாவை நெடுஞ்சாலைப் பிரயாணிகள் பலர் இன்று அதன் சுங்கச் சாவடியைக் கொண்டே அறிவர். ஊரின் பெயரோ மிகப் பழையது. உத்திர ரங்கநாதர் ஆலயத்தில் பெருமாள் பள்ளி கொண்ட கோலத்தில் காட்சி தருவதால் எழுந்த பெயர் அது. 'பள்ளி' என்னும் அதே சொல்லைத்தான் நாம் தொழுகையிடத்திற்கும், பிள்ளைகள் ஓதுமிடத்திற்கும் வழங்கி வருகிறோம். துயிலிடமும் தொழுகையிடமும் கல்விக்கூடமும் ஒரே சொல்லின் நிழலில் ஒதுங்கி நிற்பது தமிழின் பெருந்தன்மை. அது போகட்டும், நாம் சொல்ல வந்த விஷயம் வேறு.

ஒரே சொல்லில் பல பொருள்கள் குடியிருப்பதைப் போலவே, இந்த வட்டாரத்து ஊர்களில் ஒரே வீதியில் பல சமூகங்கள் குடியிருக்கின்றன. தேர் செல்வதும் அவ்வீதியில்தான். மீலாது ஊர்வலம் செல்வதும் அவ்வீதியில்தான். சந்தனக்கூடு, கல்யாண ஊர்கோலம், கட்சி மாநாடு, தையில் எருது விடும் விழா, எப்போதாவது ஒரு சர்க்கஸ் கொட்டகை என்று வருஷம் முழுவதும் அந்த வீதியைக் கேட்டு எவரேனும் வந்து நிற்கின்றனர். தோல் ஏற்றிய லாரிகளும், டேனரிகளிலும் காலணித் தொழிற்சாலைகளிலும் வேலை முடிந்து திரும்பும் ஆண்களும் பெண்களும் அந்த வீதியையே நம்பியுள்ளனர். ஆகவே விழா எடுப்போர் ஒவ்வொருவரும் காவல் நிலையத்திற்கும், பேரூராட்சி அலுவலகத்திற்கும், சில சமயம் கலெக்டர் ஆபீசுக்கும் மனு எழுதிக்கொண்டு செல்ல வேண்டியவராகின்றனர்.

அந்த மனுவின் சரித்திரத்தைத்தான் இங்கே சற்று ஆராய விழைகிறோம். ஒரு நாள் கூட்டத்திற்கோ ஒரு மாலை நேர ஊர்வலத்திற்கோ அதிகாரி வழங்கும் அனுமதி என்பது என்ன? அரசு தன் சொத்திலிருந்து நமக்குத் தரும் இனாமா? அல்லது நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு பொருளை, ஒருவர் அனுபவிக்கும்போது மற்றவருக்கு இடர் நேராதபடி பார்த்துக்கொள்ளும் கணக்கா? இக்கேள்விக்கு நாம் கொடுக்கும் விடையைப் பொறுத்தே, மனுக் கொடுப்பவர் கைகட்டி நிற்கிறாரா, தலை நிமிர்ந்து நிற்கிறாரா என்பது அமையும்.

முதலில் நம் கிதாபுகளிலிருந்தே தொடங்குவோம். பாதைகளில் அமர்வதைத் தவிர்க்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் தோழர்களுக்கு அறிவுறுத்தியதும், அங்கே கூடிப் பேசாமல் தங்களால் இருக்க இயலாது என்று தோழர்கள் விண்ணப்பித்ததும், அப்படியாயின் பாதைக்குரிய ஹக்கைக் கொடுத்துவிடுங்கள் என்று பெருமானார் பணித்ததும் புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளன. பார்வையைத் தாழ்த்துதல், பிறருக்குத் தொல்லை தராதிருத்தல், ஸலாமுக்குப் பதில் கூறல், நன்மையை ஏவித் தீமையைத் தடுத்தல் ஆகியவையே அந்த ஹக்கு என்று விளக்கமும் தரப்பட்டது. கவனியுங்கள். அமர்வோருக்கு உரிமை உண்டா என்பதோடு பேச்சு முடிந்துவிடவில்லை. பாதைக்கே ஓர் உரிமை உண்டு என்று கூறப்பட்டது.

இந்தக் கருத்தை ஆட்சிச் சட்டமாக விரித்து எழுதியவர்களுள் தலைசிறந்தவர் இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள். பக்தாதில் ஹிஜ்ரி 450இல், அதாவது கி.பி. 1058இல், காலமான இப்பெரியார் ஷாஃபியீ மத்ஹபைச் சேர்ந்த காழி. ஹனஃபீ மத்ஹபினர் மிகுந்த நம் வேலூர், ஆம்பூர் வட்டாரத்திலும் அவருடைய 'அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா' ஆலிம்களின் மரியாதைக்குரிய நூலே. பொது இடங்களை மக்கள் பயன்படுத்திக்கொள்வது பற்றி அதில் அவர் தனியே ஒரு பகுதி எழுதியுள்ளார். பிரயாணிகள் தங்கும் வெளிகள், வீடுகளையும் மஸ்ஜிதுகளையும் அடுத்துள்ள முற்றங்கள், கடைவீதிகளும் பாதைகளும் என அவற்றை அவர் பிரித்துப் பேசுகிறார்.

அதிலே இரண்டு செய்திகள் நம் விஷயத்திற்கு மிகவும் பொருத்தமானவை. மஸ்ஜிதின் முற்றத்தை எவரேனும் பயன்படுத்துவதால் தொழுகையாளிகளுக்குத் தொல்லை நேருமாயின், அதற்கு அனுமதி கொடுக்க சுல்தானுக்கே அதிகாரம் இல்லை என்கிறார் இமாமவர்கள். அந்த இடத்தின்மேல் தொழுகையாளிகளுக்கே கூடுதல் உரிமை என்பது காரணம். அனுமதி கேட்பவருக்கு எல்லை இருப்பது போலவே, கொடுப்பவருக்கும் எல்லை உண்டு என்பது இதிலிருந்து விளங்குகிறது. இரண்டாவது, வீதியில் கடை விரித்து அமர்வோர் பற்றியது. அவர்கள் விஷயத்தில் ஆட்சியாளரின் பங்கு அத்துமீறலைத் தடுப்பதும், இடரை நீக்குவதும், சச்சரவு வந்தால் தீர்த்து வைப்பதும் மட்டுமே என்று ஒரு கருத்து. எவரை எங்கே அமர்த்துவது என்று முடிவு செய்யவும் அவருக்கு உரிமை உண்டு என்று மற்றொரு கருத்து. ஆனால், இவ்விரு கருத்துகளில் எதைக் கொண்டாலும், அங்கே அமர்வதற்காக மக்களிடம் கூலி வாங்க ஆட்சியாளருக்கு உரிமை இல்லை என்று இமாமவர்கள் முடிக்கிறார்கள். இந்தக் கடைசி வாக்கியத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு, முற்றிலும் வேறானதொரு நாட்டில், வேறானதொரு சட்டப் புத்தகத்தில் அதை மறுபடி சந்திக்கப் போகிறோம்.

கும்பெனி ஆட்சி முடிந்து விக்டோரியா ராணியின் நேரடி ஆட்சி தொடங்கிய மறுவருஷமே, 1859இல், சென்னை ராஜதானிக்கென்று மாவட்டப் போலீஸ் சட்டம் ஒன்று பிறந்தது. பொது வீதிகளில் கூட்டங்களும் ஊர்வலங்களும் எவ்வழியாக, எந்நேரத்தில் செல்லலாம் என்று வகுக்கும் அதிகாரத்தை அது போலீஸ் அதிகாரிகளுக்கு வழங்கியது. விழாக் காலங்களில் வீதியில் வாத்தியம் எந்த அளவிற்கு இசைக்கப்படலாம் என்பதையும் அவர்களிடமே விட்டது. அடுத்து 1861இல் இந்தியா முழுமைக்குமாக வந்த போலீஸ் சட்டத்தின் 30ஆம் பிரிவும் இதே விஷயத்தைப் பேசுகிறது. இன்றைக்கும் நம் மாவட்டங்களில் '30(2) அமலில் உள்ளது' என்று பத்திரிகைகளில் நாம் படிப்பது இந்தப் பிரிவைப் பற்றியதே. கட்டுப்பாடில்லாமல் விட்டால் அமைதி குலையக்கூடும் என்று கருதும் இடங்களில், ஊர்வலம் நடத்துவோர் உரிமச் சீட்டுக் கேட்டு வாங்க வேண்டும் என்று அதிகாரி கட்டளையிடலாம். சீட்டில் அதைப் பெறுவோரின் பெயர்களும், நிபந்தனைகளும் எழுதப்பட வேண்டும்.

அத்தோடு அந்தப் பிரிவு நிற்கவில்லை. மனுவிற்கோ சீட்டிற்கோ கட்டணம் எதுவும் வசூலிக்கக் கூடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது! பக்தாதின் காழிக்கும் வெள்ளைக்கார சர்க்காரின் சட்ட வல்லுநர்களுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. ஒருவர் நூலை மற்றவர் படித்தார் என்று சொல்லவும் நாம் துணியோம். ஆயினும் வீதி விற்பனைப் பண்டம் அன்று என்னும் ஓர் உண்மையை இருவரும் தொட்டிருக்கின்றனர். ஒலிபெருக்கி, தற்காலிக மின்இணைப்பு, மைதான வாடகை என்று இன்று நாம் செலுத்தும் தொகைகள் வேறு விஷயம். அவை பொருளுக்கும் சேவைக்குமான கட்டணங்கள்.

சட்டம் எழுதப்பட்டுவிட்டது. அதைப் பயன்படுத்தும்போதுதான் சோதனை வந்தது. அந்தச் சோதனை மிகக் கடுமையாக வந்த இடம் சேலம்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பள்ளிவாசல் ஒன்று இருந்த வீதியின் வழியே இந்துக்களின் ஊர்வலங்கள் மேளதாளத்தோடு செல்லலாமா என்பது பற்றி நெடுநாள் பிணக்கு நிலவி வந்தது. ஓர் அதிகாரி அனுமதி கொடுப்பார். அடுத்து வருபவர் தடுப்பார். ஒரு வருஷம் இவர்களுக்குச் சாதகம், மறு வருஷம் அவர்களுக்குச் சாதகம். இத்தகைய ஊசலாட்டம் எந்த ஊரையும் கெடுத்துவிடும். 1882இல் பெருங்கலவரம் மூண்டது. உயிர்கள் மாண்டன, பள்ளிவாசல் இடிக்கப்பட்டது. அந்தக் கலவரத்தைத் தூண்டினார் என்று குற்றம் சாட்டப்பட்டுப் பின்னர் குற்றமற்றவர் என்று விடுதலை பெற்ற சேலம் நகராட்சி உறுப்பினர் சி. விஜயராகவாச்சாரியார், 1920ஆம் ஆண்டு நாகபுரி காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை வகித்தவர் என்பது பலரும் அறிந்தது.

அந்தச் சேலத்துப் பிணக்கிலிருந்து எழுந்ததே சுந்தரம் செட்டி வழக்கு. 1883இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் முழு ஆயம் அதைத் தீர்த்தது. பிரதம நீதிபதி சர் சார்லஸ் டர்னர் அதிலே வகுத்த நெறி, இன்றுவரை இந்த நாட்டு நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்பட்டு வருகிறது. பொது வீதியில் எச்சமயத்தாரும் தத்தம் ஊர்வலத்தை, அதற்குரிய வாத்தியத்தோடு நடத்திச் செல்லலாம். மற்றவர் போக்குவரத்திற்குத் தடை கூடாது, மாஜிஸ்திரேட்டின் சட்டப்படியான கட்டளைகளுக்கு உட்பட வேண்டும், அவ்வளவே. அமைதி கெடும் என்ற அச்சம் தோன்றினால் மாஜிஸ்திரேட் என்ன செய்ய வேண்டும்? உரிமையுள்ளவரைத் தடுப்பதைவிட, அவருக்குப் பாதுகாப்பு அளிப்பதே அவருடைய முதற்கடமை என்பது டர்னரின் நெறியின் சாரம். சட்டத்திற்கு விரோதமாக மறிப்பவனை அடக்காமல், சட்டப்படி நடப்பவனை வீட்டிலிரு என்பது எளிய வழி. ஆனால் அது அதிகாரத்தைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

இந்தத் தீர்ப்பைப் படிக்கும் முஸ்லிம் சகோதரர்கள் சிலருக்கு உள்ளூர ஒரு நெருடல் தோன்றலாம். பள்ளிவாசலை இழந்தது நம்மவர். நெறி கிடைத்ததோ மறுதரப்பாருக்கு அல்லவா என்று எண்ணத் தோன்றும். அந்த நெருடல் இயற்கையானதே. பள்ளிவாசலை இடித்தது குற்றம். அதற்கு எந்தத் தீர்ப்பும் நியாயம் கற்பிக்கவில்லை. ஆனால் வீதியைப் பற்றிய நெறியைத் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும். வணக்கத்திற்காகக் கூடியுள்ள ஜமாஅத்தை வேண்டுமென்றே குலைப்பது அன்றும் குற்றம், இன்றும் குற்றம். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 296ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை முதல் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 300ஆம் பிரிவாக நிற்கிறது. தொழுகை நேரத்திற்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. ஆயினும் தொழுகை நேரம் அல்லாத வேளையிலும் இந்த வீதியில் வேறெவரும் வாத்தியத்தோடு செல்லக் கூடாது என்று நாம் வாதாடினால், நம் ஊர்வலம் வேறொரு வீதியில் செல்லும்போது அதே வாதம் நம்மை நோக்கித் திரும்பும்.

அப்படித் திரும்பவும் செய்தது. திரும்பியவரோ அந்நியர் அல்லர். வடக்கே ஔரங்காபாத் என்னும் ஊரில், ஷீஆ மக்கள் முஹர்ரம் காலத்தில் தாபூத்துகளோடு ஊர்வலம் சென்று, வழியில் நின்று மாத்தம் செய்வது வழக்கம். ஸுன்னத் ஜமாஅத்தார் தம் பள்ளிவாசல் அருகே அவ்வாறு நிற்கக் கூடாது என்று ஆட்சேபித்தனர். மன்ஸூர் ஹஸன் வழக்கு என்று பெயர் பெற்ற அது, படிப்படியாக ஏறி லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றது. 1924இல் தீர்ப்பு வெளியாயிற்று. சமய ஊர்வலத்தை அதற்குரிய சடங்குகளோடு பொது வீதியில் நடத்தும் உரிமை உண்டு. போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் உள்ளூர் அதிகாரிகளின் உத்தரவுகளுக்கும், மாஜிஸ்திரேட்டின் கட்டளைகளுக்கும், பொதுமக்களின் உரிமைகளுக்கும் அது உட்பட்டது என்றனர். பம்பாய் நீதிமன்றம் முன்னர் கொண்டிருந்த குறுகிய கருத்தை ஏற்காமல், சென்னை நீதிமன்றம் கொண்ட கருத்தையே பிரிவி கவுன்சில் ஏற்றது. சேலத்தில் இந்துக்களின் ஊர்வலத்திற்காகக் கூறப்பட்ட நெறி, நாற்பது ஆண்டுகள் கழித்து வடநாட்டில் முஹர்ரம் ஊர்வலத்திற்குக் குடை பிடித்தது. மாத்தம் மார்க்கத்தில் ஆகுமா என்ற கேள்விக்குள் பிரிவி கவுன்சில் புகவில்லை. இங்கே நாமும் புகவில்லை. வீதி அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை.

இதுவரை பார்த்தது போலீஸாரின் கதை. உள்ளாட்சி மன்றங்கள் இந்த விஷயத்திற்குள் நுழைந்தது வேறொரு வாசல் வழியாக. அந்த வாசலின் பெயர் வாந்திபேதி.

1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது புனித மக்காவில் காலரா பரவி, 15,000 ஹாஜிகள் அளவில் மடிந்தனர் என்று அக்காலத்தில் மதிப்பிடப்பட்டது. ஊர் திரும்பியவர்களோடு நோய் எகிப்துக்கும், அங்கிருந்து ஐரோப்பியத் துறைமுகங்களுக்கும் சென்றது. உலக நாடுகள் கலங்கி 1866இல் இஸ்தான்புல் நகரில் கூடி, பெருங்கூட்டங்கள் நோயைப் பரப்பும் விதத்தை விவாதித்தன. அதற்கு மறு வருஷமே, 1867இல், ஹரித்வார் கும்பமேளாவிலிருந்து அதே நோய் வட இந்தியாவெங்கும் பரவியது. மக்கள் திரளும் இடமெல்லாம் சுகாதாரக் கண்காணிப்பு வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பட்டது அப்போதுதான். ஹாஜிக்குக் கப்பலில் கட்டுப்பாடு வந்ததும், திருவிழாவிற்கு ஊரில் கட்டுப்பாடு வந்ததும் ஏறக்குறைய ஒரே அச்சத்தின் இரு கிளைகள் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை.

நம் மாகாணத்தில் அதன் முழு உருவத்தை 1939ஆம் வருஷத்துச் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் காணலாம். சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே அதில் ஓர் அத்தியாயம் உண்டு. விழா வருமுன்பே குடிநீர், கழிப்பிடம், துப்புரவு ஆகியவற்றிற்கு உள்ளூர் மன்றம் ஏற்பாடு செய்தாக வேண்டும். அதாவது, விழா நடத்துவோருக்கு நிபந்தனை விதித்த அதே சட்டம், நிபந்தனை விதிக்கும் மன்றத்தின் தலையிலும் கடமையைச் சுமத்தியது. மனுவின் பின்பக்கத்தில் அச்சிட்ட நிபந்தனைகளை நமக்குப் படித்துக் காட்டும் குமாஸ்தாக்கள், மன்றத்தின் கடமையையும் உடன் படித்துக் காட்டினால் நன்றாயிருக்கும்!

அடைத்த இடங்களில் நடக்கும் காட்சிகளுக்கென்று 1888இலேயே பொதுமக்கள் கூடுமிடங்கள் சட்டம் வந்துவிட்டது. சர்க்கஸ், பொருட்காட்சி, இசை நிகழ்ச்சி ஆகியவற்றிற்குக் கொட்டகை போடுபவர் உரிமம் பெற வேண்டும். இடம் ஆபத்தில்லாததா என்பது பார்க்கப்பட வேண்டும். இதனை வெறும் சம்பிரதாயம் என்று நினைப்போருக்குத் தஞ்சைப் பெரிய கோயிலை நினைவூட்டுகிறோம். 1997 ஜூன் 7ஆம் நாள், கும்பாபிஷேகத்திற்காக அங்கே போடப்பட்டிருந்த ஓலைப் பந்தல் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரம் ஆண்டுகள் நின்ற கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒருசில நாட்களுக்கென்று போட்ட ஓலைதான் உயிர்களைக் கொண்டுபோயிற்று. தற்காலிகம் என்னும் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் அபாயம் இது. நம் மீலாது மேடைகளும், நிகாஹ் பந்தல்களும் அதே ஓலையாலும் துணியாலும் ஆனவைதாமே.

சுதந்திர இந்தியாவில், உரிமையா சலுகையா என்னும் பழைய கேள்வியை உச்ச நீதிமன்றம் நேருக்கு நேர் சந்தித்தது 1972இல். ஆமதாபாத்தில் மாணவர் கூட்டம் நடத்த ஹிம்மத்லால் ஷா என்பவர் அனுமதி கேட்டார். போலீஸ் கமிஷனர் மறுத்தார். எந்தக் காரணத்திற்காக மறுக்கலாம், எதற்காக மறுக்கக் கூடாது என்று அங்கிருந்த விதியில் ஒரு சொல்லும் இல்லை. பிரதம நீதிபதி சிக்ரி உள்ளிட்ட ஐந்து நீதிபதிகளின் ஆயம் அந்த விதியைச் செல்லாது என்று தள்ளிற்று. வீதியில் கூடுவதை அரசு ஒழுங்குபடுத்தலாம். அடியோடு இல்லை என்றாக்க முடியாது. ஓர் அதிகாரியின் மனம்போன போக்கிற்கு அதை விட்டுவிடவும் முடியாது என்பது அத்தீர்ப்பின் கருத்து. இமாம் மாவர்தீ அவர்களின் முதற்கருத்தை மறுபடி படித்தது போல் நமக்குத் தோன்றிற்று.

உரிமையைச் சொல்லும்போது அதன் மறுபக்கத்தையும் சொல்வதே நேர்மை. சென்னை மாதவரத்தை அடுத்த ஒரு குடியிருப்பில், கிறிஸ்தவ சபை ஒன்றின் ஒலிபெருக்கி பற்றி அண்டை வீட்டார் தொடுத்த வழக்கில், பிறர் அமைதியைக் கெடுக்கும்படி ஒலிபெருக்கியில் வழிபட வேண்டுமென்று எந்த மதமும் விதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் கூறியது. அதே ஆண்டு வந்த ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெட்டவெளியில் ஒலிபெருக்கி கூடாது. ஆண்டுக்கு அதிகபட்சம் 15 நாட்கள் மட்டும், விழாக்களுக்காக நள்ளிரவு 12 மணி வரை மாநில அரசு தளர்த்தலாம். நள்ளிரவைத் தாண்டியும் பயான் தொடர வேண்டும் என்று நம் மேடைகளில் சிலர் வற்புறுத்துவதை நாம் கண்டிருக்கிறோம். கேட்போர் பாதிப்பேர் உறங்கிவிட்ட பின் உரத்துப் பேசுவதால் என்ன பயன் என்பது ஒருபுறமிருக்க, உறங்க விரும்பும் அடுத்த தெரு நோயாளிக்கும் பாதையின் ஹக்கில் பங்குண்டு.

பள்ளிகொண்டாப் பக்கத்துக் கிராமங்களில் அனுமதிச் சீட்டின் முழு வாழ்க்கையையும் கண்கூடாகக் காண வேண்டுமானால் எருது விடும் விழாவைப் பார்க்க வேண்டும். மதுரைப் பக்கத்து ஏறு தழுவுதல் போன்றதன்று இது. இருபுறமும் தடுப்புக் கட்டிய வீதியில் எருதுகளை ஒவ்வொன்றாக ஓடவிட்டு, எல்லைக் கோட்டை எது விரைவாகக் கடக்கிறது என்று கணக்கிடுவார்கள். 2009இல் தமிழக அரசு ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் இயற்றியது. 2014 மே 7ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இவ்விளையாட்டுகளை அடியோடு தடுத்தது. 2017 ஜனவரியில் மெரினாவிலும் மாநிலமெங்கும் இளைஞர் திரண்ட பின் சட்டத் திருத்தம் வந்தது. அத்திருத்தத்தில் மஞ்சுவிரட்டு, வடமாடு ஆகியவற்றோடு எருது விடும் விழா என்ற பெயரும் இடம்பெற்றுள்ளது. ஜனவரி முதல் மே வரை என்று காலமும் குறிக்கப்பட்டுள்ளது. 2023 மே 18ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன ஆயம் அதனை உறுதி செய்தது. இப்போது விழா எடுக்கும் கிராமம் முன்கூட்டியே கலெக்டருக்கு எழுத்தில் மனுச் செய்ய வேண்டும். தடுப்புகள் பார்வையிடப்படுகின்றன, எருதுகளைக் கால்நடை மருத்துவர்கள் சோதிக்கின்றனர். மாவட்டங்கள் 2019இல் பிரிந்தபின், வேலூர் மாவட்டத்துப் பள்ளிகொண்டாவிற்கு ஒரு கலெக்டர், சில கல் தொலைவிலுள்ள திருப்பத்தூர் மாவட்டத்து ஆம்பூருக்கு வேறொரு கலெக்டர். அடியோடு தடை, அடியோடு விடுதலை என்ற இரு கரைகளுக்கும் இடையே மனு, பரிசோதனை, நிபந்தனை என்ற பாலத்தின்மேல்தான் இவ்விழா இன்று நடக்கிறது.

பாலம் எவ்வளவு உறுதியானது என்பது வேறு கேள்வி. 2025 செப்டம்பர் 27ஆம் நாள் கரூர் வேலுசாமிபுரத்தில் அனுமதி பெற்று நடந்த அரசியல் கூட்டத்தில் நெரிசலில் சிக்கி 41 பேர் இறந்தனர். சிறு குழந்தைகளும் அதில் அடக்கம். விசாரணையை உச்ச நீதிமன்றம் மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தது. எவர் மீது குற்றம் என்பதை நாம் இங்கே பேச முற்படவில்லை. மனுவில் எழுதும் எண்ணிக்கை, வரும் எண்ணிக்கை, இடத்தின் அகலம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று அறியாமலே ஒரு காகிதத்தில் குடியிருக்க முடியும் என்பதை அந்த மாலை காட்டிற்று. நம் இஜ்திமாக்களுக்கு மனு எழுதும் பெரியவர்கள், எத்தனை பேர் வருவர் என்ற கட்டத்தில் வழக்கமாக எழுதும் எண்ணை ஒருமுறை எண்ணிப் பார்த்து எழுதட்டும்.

நமக்கு நன்கு அறிமுகமான ஓர் ஊர் ஜமாஅத்தார், மீலாது ஊர்வலத்திற்கு மூன்று வாரம் முன்னதாகவே மனுக் கொடுத்திருந்தனர். பதில் வந்தது முந்தின நாள் மாலை, அதுவும் வாய்மொழியாக. பாதை மாற்றப்பட்டது என்றார்கள்; காரணம் கேட்டபோது மேலிடம் என்றார்கள். சீற்றமுற்ற இளைஞர்களை அடக்கி, மாற்றிய பாதையிலேயே ஊர்வலத்தை நடத்தி முடித்தனர் பெரியவர்கள். அது அறிவுடைமையே. ஆனால் எழுத்தில் ஒரு வரி கேட்டு வாங்கியிருந்தால் இன்னும் அறிவுடைமையாக இருந்திருக்கும். வாய்மொழி மறுப்பை எடுத்துக்கொண்டு நீதிமன்றத்தின் முன் நிற்பது மிகக் கடினம்.

மனு கொடுத்த தேதி முத்திரையிட்ட நகல், வந்த பதில், சீட்டில் கண்ட பாதை, நேரம், பெயர்கள் ஆகியவற்றை ஒவ்வொரு ஜமாஅத்தும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஒட்டி வைப்பது கடினமான வேலையன்று. ஊர்வலப் பாதை பற்றிய வழக்குகளில் இது நெடுநாள் வழக்கமா, புதிதாகப் புகுத்தியதா என்பதுதான் அடிக்கடி எழும் கேள்வி. அதற்குப் பழைய சீட்டுகளைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. தேர்த் திருவிழா நடத்தும் அண்டைத் தெருக்காரர்களுக்கும் இதையே சொல்லலாம். இரு தரப்பாரின் நோட்டுப் புத்தகங்களும் இருந்தால், பாதி வழக்குகள் வாசலோடு திரும்பிவிடும். வட ஆர்க்காடு ஒரே மாவட்டமாக இருந்த நாளில் கொடுக்கப்பட்ட ஊர்வல உரிமச் சீட்டோ, சந்தனக்கூட்டிற்கோ மீலாதிற்கோ தாசில்தார் கையொப்பமிட்ட உத்தரவோ எந்த முதவல்லியின் பெட்டியிலேனும் கரையான் தின்னாமல் எஞ்சியிருந்தால், அதன் நகல் ஒன்றை இவ்விதழின் முகவரிக்கு அனுப்பி வைக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம். மூலப் பிரதியை மட்டும் தபாலில் அனுப்பிவிட வேண்டாம்.